நிலைப்படியில் ஒட்டிக்கொள்ளும் கால்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பத்து வருடமாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறார். அப்புறம் உடம்பு கட்டையாக இறுகிவிடுகிறது. நடுவில் கை கால் தானாக நெளிகிறது. நிலைப்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். மூளையில் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். செய்தால் பழையபடி நடப்பாரா? காவிரியில் அக்கரை வரை நீந்திப் போய் வந்தவர் அவர்.
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: ‘பழையபடி’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம் அம்மா. அந்த வார்த்தையோடு ஆபரேஷனுக்கு வருகிறவர்கள்தான், நல்ல பலன் கிடைத்தும் மனம் சோர்ந்து போகிறார்கள்.

அப்பாவுக்கு மாத்திரை மிக நன்றாக வேலை செய்கிற அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தை நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக் கொடுப்பதுதான், மூளையில் வைக்கும் கம்பிக்கு நெஞ்சிலிருந்து மின்சாரம் அனுப்பும் கருவியின் வேலை. அதைவிட நல்ல நேரம் ஒன்றை அது புதிதாகத் தராது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்கூட மின்சாரத்துக்கு அடங்குவதுண்டு.

ஆகவே நிலைப்படியில் கால் எப்போது ஒட்டுகிறது என்று கவனியுங்கள். மருந்து தீர்ந்த நேரத்தில் மட்டும் என்றால், ஆபரேஷனால் குறைய நல்ல வாய்ப்பு உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் ஒட்டுகிறது என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணிவாரியாக எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் தெரியாதது அந்தத் தாளில் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. முதல் நாள் இரவோடு மாத்திரையை நிறுத்தச் சொல்வோம். காலையில் விறைத்த உடம்போடு வருவார். விரலைத் தட்ட வைத்து, எழுந்து நடக்க வைத்து மதிப்பெண் போடுவோம். பிறகு பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா கொடுத்து மறுபடியும் போடுவோம். குறைந்தது 30 சதவீதம் தேற வேண்டும் என்பது பொதுவான அளவு. அவருக்கு அது கொடுமையான காலைதான். ஆனால் பல லட்சம் செலவழிக்கும் முன் அந்தக் கஷ்டத்தைப் படலாம்.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987-ல் பெனாபித் என்ற அறுவை நிபுணர் நடுக்கத்துக்காகத் தொடங்கியது. வேகமான மின்துடிப்பு கொடுத்தாலே நடுக்கம் நிற்கிறது, மூளையில் அந்த இடத்தைச் சுட்டு அழிக்க வேண்டியதில்லை என்று கண்டார். 1993-ல் அவருடைய குழு சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சின்னஞ்சிறு இடத்துக்குப் போனது. விறைப்பும் மந்தமும் அங்கேதான் பிடிபட்டன.

கம்பி அந்த இடத்தை நெருங்குவதைக் காதால் கேட்கலாம். நரம்பணுக்களின் துடிப்பை ஸ்பீக்கரில் போடுவோம். தகரக் கூரையில் தூறல் விழுகிறாற்போல் இருக்கும் சத்தம், உள்ளே நுழைந்ததும் சடசடவென்று வலுக்கும். நோயாளி விழித்துத்தான் இருப்பார். மூளைக்கு வலி தெரியாது. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே அவர் மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பேன். பல்சக்கரம்போல் கடக் கடக்கென்று தடுக்கிய கை, ஒரு கணத்தில் எண்ணெய் போட்டதுபோல் இளகும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த நெசவாளி ஒருவருக்கு நெளிவு நின்றது, மாத்திரை பாதியானது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஆனால் பேச்சு குழறியது. “பக்கத்தில் இருந்தால் புரிகிறது சார், போனில் புரியவில்லை” என்றார் அவர் மனைவி. மின்சாரத்தைக் குறைத்தால் பேச்சு தேறும், கை விறைக்கும். அந்த அளவைப் பிடிக்க ஐந்தாறு முறை வந்து போனார்கள். இவை போக, மூளையில் ரத்தக் கசிவு, கிருமித் தொற்று என்ற ஆபத்துகளும் சிறிய அளவில் உண்டு. நோய் உள்ளே வளர்வதும் இதனால் நிற்காது.

அப்புறம் காவிரி. நீங்கள் அதை எழுதாமல் விட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். கருவி பொருத்திய பிறகு நீச்சலையே இழந்த ஒன்பது பேரைப் பற்றி 2019-ல் சூரிச் டாக்டர்கள் எழுதினார்கள். எல்லாரும் முன்பு நன்றாக நீந்தியவர்கள். ஏரிக்கரையில் வீடு வைத்திருந்த ஒருவர், கை கால் நன்றாக இருக்கிற தைரியத்தில் தண்ணீரில் குதித்தார். வீட்டார் காப்பாற்றியிராவிட்டால் மூழ்கியிருப்பார். மூன்று பேர் கருவியை அணைத்துப் பார்த்தார்கள். நீச்சல் உடனே திரும்பிவிட்டது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் அப்பா படித்துறையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு குளிக்கட்டும். நீந்திப் பார்த்தே தீருவேன் என்றால், ஆழம் குறைந்த குளத்தில், நீச்சல் தெரிந்தவர் கை நீட்டும் தூரத்தில் இருக்கும்போது.

நிலைப்படிக்கு இன்றைக்கே ஒன்று செய்யலாம். படிக்கு முன்னால் தரையில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். ‘அதைத் தாண்டுங்கள் அப்பா’ என்றால் பலருக்குக் கால் கிளம்பிவிடும். கோலமாவு வேண்டாம், வழுக்கும்.

கேள்வி: இந்தக் கருவி வைத்திருக்கும் என் கணவருக்குத் தோள்வலி. பிசியோதெரபியில் ‘கரண்ட் சூடு’ வைக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அது டயதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடேற்றும் முறை என்றால் கூடவே கூடாது. அதன் சக்தி கம்பி வழியாக மூளை வரை போய், அங்கே சூடேற்றி உயிருக்கே ஆபத்தாகும். கருவி இருப்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். கருவியின் அடையாள அட்டை உங்கள் கணவர் பையிலேயே இருக்கட்டும். வெந்நீர்ப் பை வைக்கலாம், நெஞ்சில் பேட்டரி இருக்கும் பக்கம் போகாமல்.