கணினி கேள்வி–பதில்: விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

கேள்வி: என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. விண்டோஸ் 11-க்கு மாறப் பார்த்தால் ‘இந்தக் கணினி பொருந்தாது’ என்று வருகிறது. தூக்கிப் போட்டுவிடவா, லினக்ஸ் போடவா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 11 உங்கள் கணினியை மறுப்பது வேகக் குறைவுக்காக அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இடம்பெற்ற பிராசஸர், இந்த மூன்றையும் அது கேட்கிறது. இன்டெலில் அந்தப் பட்டியல், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. டிபிஎம் மட்டும் குறை என்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருப்பதை இயக்கினால் போதும். பிராசஸரே பட்டியலில் இல்லாதபோது அந்த வழி இல்லை. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவினால் மேம்படுத்தல்கள் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். முடிந்தால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது தவழத்தான் செய்யும். பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள். ராம் 4 ஜிபியிலேயே நிற்குமென்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன் பதிப்பு.

நிறுவுவதற்கு முன் ஒரு நாள் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். அதிலிருப்பது எல்லாம் அழிந்துவிடும். கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் மாடலுக்கு உரிய விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திறக்கும். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள், பிரின்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். மடிக்கணினியை மூடித் திறந்தால் ஒழுங்காக விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் சோதிக்க மறப்பதும், பின்னால் அவதிப்படுவதும் இதில்தான். சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு டிரைவர் (அவற்றை இயக்கும் மென்பொருள்) தனியாக வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் கொடுத்து, ‘டிரைவர் மேனேஜர்’ வழியாக அதை நிறுவலாம். பென்டிரைவில் ஓடும்போது தெரியும் மந்தத்தை வைத்து மட்டும் லினக்ஸை எடை போடாதீர்கள்.

கேள்வி: இரண்டும் வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்தால் கோப்புகள் போய்விடும் என்கிறார்களே?

பதில்: அவசரப்பட்டால் போகும். வரிசை தவறாமல் செய்தால் போகாது.

முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அடுத்து, டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். பல புதிய கணினிகளில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புக் குறியைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் ஏதாவது மாற்றியபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். குறி இல்லையென்றால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காது.

பிறகு விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது ஒதுக்குங்கள். இடம் இருந்தும் சுருங்க மறுத்தால், நகர்த்த முடியாத பேஜிங் கோப்போ (ராம் போதாதபோது பயன்படுவது) ஹைபர்னேஷன் கோப்போ (கணினி உறங்கும்போது நிலையைச் சேமிப்பது) நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பையும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்திலேயே இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் எழுத முடியாது. வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் சிதையும். ‘போய்விடும்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பின்னால். மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன் துவக்கியை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) முன்னால் வைத்துக்கொள்ளும், லினக்ஸைத் தேட வேண்டிவரும்.

நிறுவிய பின் விண்டோஸில் நேரம் தவறாகக் காட்டினால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். கணினியின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது. லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) timedatectl set-local-rtc 1 என்று தட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

கேள்வி: மகள் கல்லூரியில் சேருகிறாள். மேக் கேட்கிறாள். வாங்கலாமா?

பதில்: எந்தத் துறை என்று சொல்லவில்லையே! துறையில் என்ன மென்பொருள் பயன்படுத்துவார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். பொறியியல், கட்டட வடிவமைப்பு மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸில்தான் ஓடும். ஐபோன் செயலி எழுதும் எக்ஸ்கோட் மேக்கில்தான் ஓடும். எழுத்து, இணையம், படத்தொகுப்பு என்றால் மேக் நன்றாகவே உழைக்கும். ஆனால் எம்1 முதலான ஆப்பிள் சில்லு மேக்புக்கில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி எடுங்கள். பழைய இன்டெல் மேக் மலிவாகக் கிடைத்தால் விலகிவிடுங்கள். மேக் ஓஎஸ் 26-க்குப் பிறகு இன்டெல் கணினிகளுக்குப் புதிய பதிப்பு இல்லை என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

கேள்வி: லினக்ஸுக்கு மாறினால் என் வேர்டு, எக்செல் கோப்புகள் திறக்குமா?

பதில்: திறக்கும். அப்படியே திறக்குமா என்பதுதான் விஷயம். லினக்ஸில் அவற்றைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் வேர்டு கோப்பின் பக்க அமைப்பு கலைவதற்குப் பெரும்பாலும் எழுத்துரு இல்லாததே காரணம். கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, இரண்டும் அதே அகலமுள்ள இலவச எழுத்துருக்கள். நிறுவிக்கொண்டால் வரிகள் ஓரளவு இடத்தில் நிற்கும். எக்செல் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) வேறு கதை. எளியவை ஓடலாம், சிக்கலானவை நின்றுவிடும். உங்கள் அலுவலகக் கணக்கே மேக்ரோவில் நடக்கிறதென்றால் விண்டோஸை விடாதீர்கள். ஃபோட்டோஷாப்புக்கும் இதே பதில்: அடோபி அதற்கு லினக்ஸ் பதிப்பு தருவதில்லை.

கேள்வி: லினக்ஸில் வைரஸே வராதாமே?

பதில்: குறைவு; இல்லவே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். மென்பொருளைக் கண்ட தளத்தில் இறக்காமல் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ வழியாகவே நிறுவுங்கள். ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதற்கு முன், அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கணினி முழுவதன் சாவியையும் அதனிடம் கொடுக்கிறீர்கள். மேம்படுத்தல் அறிவிப்பு வந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.