உயிரியல் பூங்கா மான்களில் ஜோனீஸ் நோயை (குடலைத் தாக்கும் நாள்பட்ட பாக்டீரியா நோய்) இரத்தப் பரிசோதனையால் மட்டும் உறுதிசெய்ய முடியுமா?

முடியாது. மைக்கோபாக்டீரியம் ஏவியம் பாராடியூபர்குளோசிஸ் என்னும் பாக்டீரியா பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே தொற்றி, அறிகுறி ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் குடலில் தங்கியிருக்கும்; கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களோ நோய் முற்றும் நிலையில்தான் இரத்தத்தில் தெளிவாகத் தெரியவரும். அதோடு, விற்பனையிலுள்ள, எதிர்ப்புரதங்களைக் கண்டறியும் எலைசா சோதனைகள் பெரும்பாலும் மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றுக்கென உருவாக்கப்பட்டவை என்பதால், காட்டு விலங்கு ஒன்றில் கிடைக்கும் எதிர்மறை முடிவை நம்பி அதை வேறு மந்தையில் சேர்ப்பது ஆபத்தானது.

என் பார்வையில் சாணப் பரிசோதனையே முதன்மையானது. விலங்கைப் பிடித்து மயக்க மருந்து கொடுக்கும் தொல்லையும் இதில் இல்லை. சாணத்திலுள்ள இக்கிருமியை ஆய்வகத்தில் திட வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தெடுக்க 8 முதல் 16 வாரங்கள் ஆகலாம். இக்கிருமியின் செம்மறியாட்டு வகைத் திரிபு (உள்வகை) அதைவிடவும் மெதுவாக வளரும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை சில நாட்களில் விடை தரும் என்றாலும், அசுத்தமான தீவனத்தோடு விழுங்கப்பட்டுக் குடலை வெறுமனே கடந்துசென்ற கிருமியும் நேர்மறை முடிவைக் காட்டக்கூடும். கிருமி விட்டுவிட்டே வெளியேறுவதால், ஒவ்வொரு விலங்கையும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

எக்காரணத்தால் இறந்தாலும் பிரேதப் பரிசோதனையில் சிறுகுடலின் கடைப்பகுதியையும் அதையடுத்த நிணநீர்க் கணுவையும் ஆராய்வது அவசியம். தாய், பிறந்த அடைப்பிடம், இடமாற்றம் ஆகியவற்றின் பதிவேட்டைத் திரிபின் மரபணு வகையோடு ஒப்பிட்டால்தான் தொற்று வந்த வழி புலப்படும்.