செங்குத்துச் சரிவில் மரம் இழுக்கப் பழைய இயந்திரம்

கேள்வி: செங்குத்தான சரிவில் மரம் வெட்டி இழுக்கும் தொழிலைச் சிறிய அளவில் தொடங்கப் பழைய இயந்திரங்கள் போதுமா?

பதில்: போதும், ஆனால் டிராக்டரைச் சரிவில் இறக்காமல், மேலே சமதரையில் நிறுத்தி, வின்ச்சால் (இரும்பு வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி) மரத்தை இழுத்தெடுக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், சுமை ஏற்றிய நிலையில் வின்ச்சின் பிரேக் நழுவாமல் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். இரும்பு வடத்தை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பேன்: வெளியே பளபளப்பாக இருந்தாலும், உள்ளே துருவேறி இழைகள் அறுந்திருக்கக்கூடும். வடத்தின் திசையைத் திருப்பக் கப்பியைக் கட்டும் நிற்கும் மரம் உறுதியானதாக இருக்கட்டும்; வடம் கப்பியைச் சுற்றி வந்த திசைக்கே திரும்பும்போது, அம்மரத்தின் மீது இழுவிசை ஏறத்தாழ 2 மடங்காகிறது. வடம் வளையும் கோணத்தின் உட்புறத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. கப்பி பிய்த்துக்கொண்டால் வடம் அந்தப் பக்கம்தான் சீறிப் பாயும்.