லியோனில் ஒரு நாள்: முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பிரச்சினை

கேள்வி: மே மாதம் பிரான்ஸில் லியோன் நகரைச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. 64 வயது அம்மாவும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. குன்றுக்கு ரயிலில் ஏறிவிட்டு நடந்து இறங்கினால் சிரமம் இருக்காது என்கிறார்கள். சரியா?

பதில்: கால் நன்றாக இருப்பவர்களுக்குச் சரி. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். முழங்கால் அதிகம் நோவது இறக்கத்தில். ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பின் எடை மொத்தத்தையும் ஒரு காலின் தொடைத் தசை தாங்கி, மெல்லக் கீழே விட வேண்டும். அந்த அழுத்தம் முழங்கால் சில்லின் மேல் விழுகிறது. ஃபூர்வியேர் குன்றிலிருந்து பழைய நகரத்துக்கு இறங்கும் வழிகளோ, ஒன்று படிக்கட்டு, இல்லையென்றால் செங்குத்துச் சரிவு.

அதனால் ஏறுவதும் ரயிலில், இறங்குவதும் ரயிலில். இந்தக் கயிற்று ரயிலை ஊர்க்காரர்கள் ‘ஃபிசெல்’ என்பார்கள், அதாவது கயிறு. பழைய லியோன் மெட்ரோ நிலையத்திலேயே ஏறலாம். மெட்ரோ டிக்கெட்டே இதற்கும் செல்லும் என்பதால் நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட்டாக வாங்கிவிடுங்கள். ஒரு நிறுத்தத்துக்குக்கூடத் தயங்காமல் அம்மாவை ஏற்றலாம்.

காலையில் முதலில் குன்று. மேலே இறங்கியதும் எதிரிலேயே பேராலயம். அதன் பக்கத்து மாடத்தில் நின்றால் இரண்டு ஆறுகளுக்கு நடுவே நகரம் முழுவதும் தெரியும். அங்கிருந்து சில நிமிட நடையில் ரோமானிய அரங்கம். மேலிருந்து பார்த்தாலே அதன் அமைப்பு முழுதாகப் புரியும். கல் இருக்கைகள் வழியாக அம்மாவைக் கீழே அழைத்துப் போகாதீர்கள். வந்த வழியே திரும்பி அதே ரயிலைப் பிடியுங்கள்.

கீழே வந்ததும் பழைய நகரம். தரையெல்லாம் கல் பாவியது, ஒரே சீராக இருக்காது. புதுச் செருப்பை இங்கே சோதிக்காதீர்கள். பழகிய, அடிப்பாகம் தடித்த ஷூவே போதும். மாலையில் பாதம் சற்று வீங்கும், அதற்கும் இடம் வேண்டும்.

நடப்பதைவிட, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று போவதுதான் அதிகம் களைப்பாக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றுவிட்டால் அது காலிலேயே தேங்கும். தெருவில் நிற்பதைக் குறைத்து, உட்கார இடம் கிடைக்கும்போதெல்லாம் உட்காருங்கள். செயின்ட் ழான் தேவாலயத்துக்குள் நாற்காலிகள் உண்டு. அங்கே உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு வானியல் கடிகாரத்தைப் பார்க்கலாம்.

‘த்ரபூல்’ ஒன்றையாவது பார்க்காமல் வராதீர்கள். வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் பாதைகள் இவை. செயின்ட் ழான் தெரு 54ஆம் எண் கதவைத் தள்ளினால், நம் ஊர் ரேழி போல இருட்டான நடை; திடீரென்று வெளிச்சம் விழும் முற்றம்; மறுபடி இருட்டு. இப்படிப் பல முற்றங்கள் கடந்து பஃப் தெருவில் வெளியே வரலாம். காலை நேரத்தில் கதவுகள் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

சாப்பாடு 12 மணிக்கே. பல உணவகங்களில் 2 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் இரவுதான். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குடிதண்ணீர் காசில்லாமல் வரும்.

பிற்பகலில் மெட்ரோவில் தெரோ சதுக்கம். அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகம் முன்பு கன்னியர் மடமாக இருந்தது. அதன் உள்முற்றத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மர நிழலும் பெஞ்சும் உண்டு. ஒரு மணி நேரமாவது அங்கே இருங்கள். அம்மா காலை நீட்டி உட்காரட்டும்.

அதற்குப் பிறகும் அவருக்குத் தெம்பிருந்தால், பக்கத்து மெட்ரோ நிலையத்தில் சி தடத்தைப் பிடித்து, பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த க்ருவா ரூஸ் குன்றுக்குப் போகலாம். மேலே சமதளம்தான். ‘பெரிய பாறை’ வரை மெல்ல நடந்தால் கிழக்கே ரோன் ஆறு தெரியும். அங்கிருந்து கீழே போகும் படிகள் அழகானவை, கூப்பிடும். நீங்கள் இறங்குங்கள், அம்மாவுடன் யாராவது அதே மெட்ரோவில் திரும்பட்டும்.