உதிர்ந்த பழத்துக்குள் குளவியும் இருக்கிறது, புதைக்கலாமா?

கேள்வி: மாந்தோப்பில் பழ ஈ தொல்லை. உதிரும் பழங்களை அன்றன்றே பொறுக்கிப் புதைத்துவிடுகிறேன். பழ ஈயை அழிக்கும் குளவியும் அந்தப் பழத்துக்குள்தான் வளர்கிறது, புதைத்தால் அதுவும் சாகும் என்கிறார்களே. பேசாமல் மரத்தடியிலேயே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அப்படிக் கிடக்கும் பழத்திலிருந்து பெரும்பாலும் குளவியைவிட ஈதான் அதிகம் கிளம்பும். ஆனால் உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை.

பழ ஈ தோலைக் குத்தி முட்டையிட்ட இடத்தைத் தேடி ஃபோபியஸ் அரிசானஸ் என்ற சின்னக் குளவி வரும். உணர்கொம்புகளால் தோலைத் தட்டித் தடவிப் பார்க்கும். இடம் தட்டுப்பட்டதும் முட்டைக்குழலை உள்ளே விட்டு, ஈயின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். அப்புறமும் ஈப்புழு பொரிக்கும், பழத்தைத் தின்னும், மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். கூட்டிலிருந்து வெளியே வருவது மட்டும் குளவி. ஆக, இந்தப் பழம் போனது போனதுதான். குறைவது அடுத்த தலைமுறை ஈ. இது தெரியாமல்தான் பலர் 'குளவி இருந்தும் பழத்தில் புழு இருக்கிறதே' என்று சலித்துக்கொள்கிறார்கள்.

ஹவாயிலும் ரீயூனியன் தீவிலும் பொறுக்கிய பழங்களை வலை வைத்த கூடாரத்துக்குள் கொட்டிவிடுகிறார்கள். ஒல்லியான குளவி வலைக்கண்ணில் நுழைந்து தோப்புக்குப் போய்விடும். பருத்த ஈ உள்ளேயே கிடந்து சாகும். கூடாரத்தின் ஓரங்களை மண் போட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் புழுக்கள் ஊர்ந்து தப்பிவிடும்.

நீங்களும் செய்யலாம். முதலில் வலையைச் சோதியுங்கள். அகலவாய் ஜாடியில் லேசாக ஈர மணல், அதன்மேல் புழு விழுந்த பழம். வாயில் வலையை இறுக்கிக் கட்டி, ஜாடியோடு மெல்லிய துணிப்பைக்குள் வையுங்கள். பைக்கு ஈ வந்தால் வலைக்கண் பெரிது. குளவி ஜாடிக்குள்ளேயே செத்துக் கிடந்தால் சிறிது. ஈக்கு ஒரு ஜோடி இறக்கை, குளவிக்கு இரண்டு ஜோடி, நீண்ட உணர்கொம்பு. பயம் வேண்டாம், இந்தக் குளவி ஆளைக் கொட்டாது. ஈக்கள் வந்து சில நாள் கழித்தும் குளவி வரும், அவசரப்பட்டு ஜாடியைக் காலி செய்துவிடாதீர்கள்.

பல பழங்களை வைத்துப் பார்த்தும் ஒரு குளவிகூட இல்லையா? தாராளமாக இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், இழக்க ஒன்றுமில்லை.

குளவி இருந்தால், பழங்களைப் புதைக்காமல் வலைக் கூடாரத்தில் போடுங்கள், மரம் முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப்பொருள் வைத்த பொறி தொடரலாம். அதில் விழுவது ஆண் ஈக்கள், குளவி அந்தப் பக்கம் போகாது.