வாசகர் கேள்வி: 4294967297 பகா எண்ணா?

கேள்வி: ஐயா, முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் வரும் 4294967297 என்னும் எண்ணை என் பேத்தி 3, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தும் மீதியே வருகிறது. இது பகா எண்தானா?
(வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: இல்லை. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து 1 கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், அடுத்து வரும் இதுவும் அப்படியே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இதனை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். சிறிய எண்களால் வகுப்பது, பேத்தியின் பொறுமை பாராட்டத்தக்கது எனினும், இங்கே வீண் உழைப்புதான்: இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்தவுடன் ஐந்தாவதாக 641 அகப்பட்டுவிடும். 641 என்பது 5 × 128 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் அமைவதைக் கொண்டு, நெடிய வகுத்தல் இல்லாமலே இதனை நிறுவலாம்.