சேலத்திலிருந்து தட்டினால் ஏற்காட்டு ஹீட்டர் கேட்பதில்லையே, ஏன்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். ஏற்காட்டில் ஒரு சிறு வீடு இருக்கிறது. அங்குள்ள 2000 வாட் எண்ணெய் ஹீட்டரை வைஃபை தெர்மோஸ்டாட்டுடன் இணைத்திருக்கிறோம். அங்கே இருக்கும்போது பிரவுசரில் 192.168.1.20 என்ற முகவரியோடு கட்டளையைத் தட்டினால் வேலை செய்கிறது. சேலத்திலிருந்து தட்டினால் பதிலே இல்லை. மலையேறுவதற்குள் அறையைச் சூடாக்கி வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. 192.168 என்று தொடங்கும் முகவரி அந்த வீட்டு ரூட்டருக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து அதைத் தேடி எதுவும் போய்ச் சேராது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிட ஒரு வாசலைத் திறப்பது) செய்யச் சொல்லிப் பலர் யோசனை கூறுவார்கள். அதற்குமுன் ரூட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது. போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. தனி முகவரியே கிடைத்தாலும் அப்படித் திறந்துவிட நான் சொல்லமாட்டேன். கடவுச்சொல் கேட்காத ஹீட்டரை ஊரார் யாரும் இயக்கலாம்.

ஏற்காட்டில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்து, அதிலும் உங்கள் போனிலும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையமைப்பு) மென்பொருளை நிறுவி, ஏற்காட்டு வீட்டு முகவரிகளுக்கான கோரிக்கைகள் அந்தக் கணினி வழியாகப் போகும்படி அமையுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் பகிர்ந்த முகவரி தடையாகாது. சேலம் வீட்டு ரூட்டரும் 192.168.1 வரிசையில் இருந்தால் குழப்பம் வரும்; ஏற்காட்டு ரூட்டரை 192.168.50 வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து கட்டளையின் வகை. பிரவுசரில் தட்டும் முகவரி ‘கெட்’ கோரிக்கை. தகவல் கேட்பதற்கென்று வகுக்கப்பட்டது அது, எதையும் மாற்றுவதற்கல்ல. அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்ப ஒட்டினால், முன்னோட்டம் காட்டுவதற்காக உங்கள் போனே அதைத் திறந்து ஹீட்டரை முடுக்கிவிடக்கூடும். தெர்மோஸ்டாட் ஏற்குமானால், மாற்றம் செய்வதற்கான ‘போஸ்ட்’ வகையில் அனுப்புங்கள்.

‘ஆன்’, ‘ஆஃப்’ என்று மட்டும் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. ஆன் போனபின் மலையில் இணைப்பு அறுந்தால் ஆஃப் போய்ச் சேராது. “22 டிகிரி, 90 நிமிடம்” என்பதுபோல வெப்பநிலையையும் கால எல்லையையும் சேர்த்து அனுப்புங்கள். நிறுத்தும் பொறுப்பு கருவியிடமே இருக்கட்டும். கருவியில் டாஸ்மோட்டா (வைஃபை சுவிட்ச்களை இயக்கும் திறந்தமூல மென்பொருள்) இருந்தால் ‘பல்ஸ்டைம் 1900’ என்று ஒருமுறை அமைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் 30 நிமிடத்தில் தானே அணையும். வினாடிக் கணக்கோடு 100 கூட்டித் தரவேண்டும் என்பதால் 1800 இப்படி 1900 ஆகிறது. மின்வெட்டுக்குப் பின் அணைந்த நிலையிலேயே இருக்க ‘பவர்ஆன்ஸ்டேட் 0’.

கட்டளைக்குக் கருவி 200 என்ற குறியீட்டைப் பதிலாக அனுப்பினால் கோரிக்கை ஏற்கப்பட்டது என்றுதான் பொருள்; அறை சூடாகிறது என்றல்ல. கால் மணி கழித்து அறை வெப்பநிலையைக் கேளுங்கள். ஏறவில்லையா? ஹீட்டரின் சொந்தச் சுவிட்ச் அணைந்திருக்கும். மின்சாரம் வந்ததும் பொத்தானை அழுத்தினால்தான் தொடங்கும் டிஜிட்டல் ஹீட்டர்கள் இந்த வேலைக்கு உதவா; திருகும் குமிழ் உள்ளதுதான் சரி.

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட், அதே அளவு தாங்கும் ரிலே (தெர்மோஸ்டாட்டுக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் வேண்டும். அடுத்த முறை அங்கே போகும்போது ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், எலக்ட்ரீஷியன் சரிசெய்யும்வரை தொலைவிலிருந்து இயக்கவே வேண்டாம்.